கட்டிலுக்கு அடியில் புல்

1

போன குளிர்காலத்தில் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு தங்க நட்சத்திரம் கொடுத்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நட்சத்திரம் என்றால் காகிதம்தான். கட்டுரை நன்றாக இருந்தால் நோட்டில் ஒட்டிவிடுவார்கள். தலைப்பு, அப்பாவின் ஊர். பத்து வயது கிரேஸ் எழுதியிருக்கிறாள்: எங்கள் அப்பாவின் ஊரான ராஜபாளையத்தில் கோழிகளுக்கு வேலியே கிடையாது. விடிந்ததும் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போகும். யார் வீட்டு வாசலிலும் மேயும். இருட்டினால் தானாக வீட்டுக்கு வந்துவிடும். நம் ஊர்க் கோழிகள்தான் பாவம், அடைபட்டுக் கிடக்கின்றன.

கடைசி வரியில் 'நம் ஊர்' என்று அவள் எழுதியது நியூசிலாந்தை. அவள் பிறந்தது இங்கே, அதனால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது இந்தக் கதை என்று கேட்டேன். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு மாமா மைக்கில் பேசினாராம். அந்த மாமாவை எனக்குத் தெரியும். ஊரை விட்டு வந்து இருபது வருஷமாகிறது, வருஷா வருஷம் அவர் கிராமம் அழகாகிக்கொண்டே போகிறது. இப்போது கோழிக்கும் சுதந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும். இந்த மூன்று வார்த்தைதான் என்னைச் சோற்றுத் தட்டிலிருந்து எழ வைத்தது. ஜெயா, என் மனைவி, பிள்ளை எழுதியதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறீர்கள் என்றாள். கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். எண்பதுகளின் கடைசியில் தென் தீவின் இந்தச் சிறிய ஊருக்குக் கம்பளி நூற்கும் மில்லில் வேலை கிடைத்து வந்தேன். பஞ்சாக இருந்தால் என்ன, ஆட்டு மயிராக இருந்தால் என்ன, நூற்கிற மெஷின் மெஷின்தான். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. பாஷைதான் தடுமாறியது. கோழிகளை விடுகிற வேலி போட்ட இடத்துக்கு இங்கே 'சிக்கன் ரன்' என்று பெயர். நான் அதைக் கோழி ஓட்டப்பந்தயம் என்று நினைத்து, எந்தக் கோழி ஜெயித்தது என்று ஒருநாள் மில் கேண்டீனில் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோழி ஓட முடியாத இடத்துக்கு ஓட்டம் என்று பெயர் வைத்தவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

உங்களுக்குச் சாரல் விழுகிற ஜூன், ஜூலையில் இங்கே மழையும் குளிரும் எலும்பில் இறங்கும். வேலிக்குள் ஏழு கோழிகள். புல் என்று இருந்ததையெல்லாம் கொத்தி, வேரைக் கிளறி, முதல் வருஷமே சேறாக்கிவிட்டன. புல் இல்லாத கோழி ஒன்றையொன்று கொத்தும். முட்டையின் மஞ்சள் வெளுத்துப் போகும். பக்கத்து வீட்டு காலின் விதை தூவச் சொன்னார். தூவினேன். முளைப்பதற்குள் விதையையே தின்று தீர்த்தன.

பிறகு நகராட்சி ஆள் வந்தார். டேப்பை விரித்து, வேலியிலிருந்து கூண்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தார். கோழி வெளியே போகக் கூடாது, உள்ளே இப்படிச் சேறாக வைத்திருக்கவும் கூடாது, நாற்றம் என்று புகார் வந்தால் கோழிகளை எடுத்துவிடச் சொல்வோம் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் என் வீட்டை விட்டு நேரே காலின் வீட்டுக்குப் போய், அவர் கோழிகளைப் பார்த்து, அதே குரலில் அதையே சொன்னார். வேலியோரம் நின்று முழுவதையும் கேட்டேன். அந்த மனிதர் மேல் அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பலகைகளைச் சட்டமாக அடித்து, மேலே கம்பி வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கும்படி குட்டைக் கால் வைத்தேன். அதன் அடியில் புல் விதைத்தேன். புல் வளர்ந்து வலைக்கு மேலே தலைகாட்டும். கோழிகள் வலை மேல் ஏறி நின்று நுனியை மட்டும் கொத்தும். கால் மண்ணில் படாது, அதனால் வேரைக் கிளற முடியாது. தின்னத் தின்ன அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். மழையெல்லாம் தாண்டி அந்தச் சட்டங்களுக்கு அடியில் மட்டும் பச்சை நின்றது.

காலின் வந்து பார்த்துப் போட்டோ எடுத்தார். இந்தியாவில் கோழிகள் சும்மா திரியுமே, உனக்கு எப்படி இது தோன்றியது என்றார். தோன்றியது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் இங்கிலீஷில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3

தமிழில் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே ஒரு வாறுகால் ஓடியது. சாக்கடை என்றும் சொல்லலாம். அடுத்த தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் சிலருக்கு அந்தத் தெரு மேல் கோபம் வராது, என் மேல்தான் வரும். மேலத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாறுகாலைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மன்னர் காலத்துக் கதை சொல்லவில்லை. மேலத்தெருவில் டி.வி. ஆன்டெனா முளைத்துவிட்ட எண்பதுகளின் சங்கதி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். சாமியை மாற்றிக்கொண்டோம், செருப்பு கையில்தான் இருந்தது.

கோழிக்கு இதெல்லாம் தெரியுமா? மேலத்தெருவில் நெல் காயும், எருக்குழி இருக்கும், வாசலோரம் புல் இருக்கும். எங்கள் கோழிகள் தாண்டிப் போயின. ஒரு மத்தியானம் எங்கள் கருப்புக் கோழி ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தது. கம்பால் அடித்திருந்தார்கள். மறுவாரம் இன்னொன்று அதேபோல வந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்காரர்கள், கோழி நம் வீட்டிலிருந்து போய் அங்கே எச்சமிட்டால் அவர்களுக்குக் கோபம் வராதா என்று அம்மாவிடமே கேட்டார்கள். அடிக்கிறவனை விட அடியை நியாயம் என்கிறவன் மேல் எனக்கு இரண்டு மடங்கு எரிச்சல் வரும்.

அம்மாவின் பெயர் ஞானம்மாள். மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பார்த்தாள். பேச ஆரம்பித்தால் மெஷின் சத்தத்தையே அமுக்குகிற குரல். நான் அப்போது அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் லீவு போட்டு, காலொடிந்த கோழியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எங்களை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு வேளை வரை யாரும் கூப்பிடவில்லை. காத்திருந்த நேரத்தில் கோழி கூடைக்குள்ளேயே முட்டையிட்டுவிட்டது.

கடைசியில் குமாஸ்தா கூப்பிட்டு மனுவை வாசித்தார். கோழிக்காக மனுவா என்று பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். அம்மாவைப் பார்த்து, "கோழிய ஒழுங்கா அடைச்சு வளத்தா அது ஏம்மா அடி வாங்குது?" என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடையிலிருந்த முட்டையை மட்டும் எடுத்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு வந்து பின்கட்டைச் சுற்றி அடைத்தாள். ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நடக்க இடம் இருக்கும், அவ்வளவுதான் பின்கட்டு. கோழிகள் ஒரு மாதத்தில் அதைத் தார் ரோடு மாதிரி ஆக்கிவிட்டன. முட்டை குறைந்தது. கான்சாபுரத்தில் தென்னந்தோப்புக் காவலில் இருந்த தன் தம்பியிடம் போய், அருகம்புல் வேரை ஈரச் சாக்கில் கட்டி, வத்திராயிருப்பு பஸ்ஸில் கொண்டுவந்தாள். புல்லுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டரைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தாள். நட்ட வேரை இரண்டே நாளில் கோழிகள் பறித்துப் போட்டன. மறுபடியும் போனாள், மறுபடியும் பறித்தன.

அப்பா படுக்கிற கயிற்றுக் கட்டிலில் கயிறு நைந்திருந்தது. புதுக் கயிறு வாங்கிவர வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் கட்டிலின் காலை நாலு விரல் உயரத்துக்கு அறுத்தாள். இரும்புக் கடையில் பழைய கம்பி வலை வாங்கிவந்து சட்டத்தில் இழுத்துக் கட்டச் சொன்னாள். வலை தொய்யாமல் கட்டியது நான், யோசனை முழுக்க அவளுடையது. அடியில் அருகு நட்டு, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் வாரம் வலைக்கு மேலே பச்சை எட்டிப் பார்த்தது. அப்பா அன்றிலிருந்து பாயில்தான் படுத்தார். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் வயிற்றெரிச்சலில் பெரியது. புல் தின்ற கோழியின் முட்டையில் மஞ்சள் கரு அடர்ந்த ஆரஞ்சாக இருக்கும். அது மேலத்தெருவுக்குத் தெரிந்துபோனது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு, சீக்காளி இருக்கிற வீட்டுக்கு என்று ஞானம்மா வீட்டு முட்டையைக் கேட்டு ஆள் வந்தது. அம்மா வாறுகால் ஓரத்துக் கல்லில் முட்டைகளை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டு காசைக் கல்லில் வைப்பார்கள். கோழியின் காலுக்குத் தீட்டு உண்டு, அதே கோழியின் முட்டைக்குத் தீட்டு கிடையாது. இந்தச் சட்டத்தை யோசித்தவன் மண்டையில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

4

ஆகவே கிரேஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பொய்க்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு என் பிள்ளை திரியக் கூடாது. ஜெயா தடுத்தாள். டிசம்பர் லீவில் எல்லோரும் ஊருக்குப் போகிறோம், அதற்கு முன்னால் பிள்ளை மனதில் எதையும் போடாதீர்கள் என்றாள். டிசம்பரில் போகிறோம் என்பதால்தான் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் அவள் பூட்ஸ் காலோடு நேரே அந்தத் தெருவுக்குள் நடப்பாள்.

அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நம்பி ஊருக்கு போன் போட்டேன். பக்கத்து வீட்டில்தான் போன். ஒரு தடவை கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிட்டு, அவள் வந்து சேர நேரம் கொடுத்து மறுபடி கூப்பிட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் அம்மா என் மேலேயே பாய்ந்தாள்.

"ஏலே, அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லாத. சொன்னா பிள்ள தலையத் தொங்கப் போட்டுட்டு நடப்பா. தெரியாட்டா நிமிந்து நடப்பா. நீ நிமிந்து நடக்கதுக்கு எம்புட்டு வருசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அங்கே வந்து ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். உடனே பேச்சை மாற்றி, அங்கே மழை அதிகமென்றால் நீ செய்த கட்டிலின் காலை இன்னும் ஒரு விரல் உயர்த்து, இல்லாவிட்டால் புல் அழுகிவிடும் என்றாள். மில்லில் முப்பது பேருக்கு உத்தரவு போடுகிறவன் நான். அவள் சொன்னால் மட்டும் இன்றைக்கும் எதிர்த்துப் பேச வராது. கிரேஸிடம் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை அம்மா மேல் காட்ட முடியாமல் ஜெயா மேல் காட்டினேன்.

5

டிசம்பரில் போனோம். அப்பா இறந்து சில வருஷமாகியிருந்தது. அம்மா மில்லை விட்டு நின்றிருந்தாள். பின்கட்டில் இப்போது நடக்க இடம் விடாமல் மூன்று சட்டங்கள். ஒன்று அப்பாவின் கட்டிலேதான். கிரேஸ் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, அப்பத்தா நம் வீட்டுச் சட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரேஸுக்கோ, கட்டுரையில் எழுதியபடி கோழிகள் திரியவில்லையே என்று ஒரே குறை. மூன்றாம் நாள் காலையில் முள் படலைத் திறந்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இந்த ஊர்க் கோழிகள் இப்படித்தான் இருக்கும் என்று சொன்ன மாமாவை நம்பினாள். கோழிகள் வாறுகாலைத் தாண்டின. அவளும் பின்னாலேயே ஓடினாள். காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ.

அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது அவள் வாறுகால் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் தாண்டவில்லை, தாண்டப் போவதும் இல்லை. ஆனாலும் செருப்பு கையில் இருந்தது. நான் காலை எடுத்து வைத்தேன். என் முழங்கையை இறுக்கிப் பிடித்து, நீ போனால் சண்டையாகும், பிள்ளை தானாக வருவாள் என்றாள். வாறுகால் என்ன ஆறா? மூன்றாவது வீட்டு வாசலில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது, பேசியதும் கேட்டது.

கிரேஸ் ஒரு கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கியிருந்தாள். அந்த வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் வெளியே வந்து, வேர்த்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து, உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஷூவைக் காட்டி எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டார். கிரேஸின் தமிழைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்து சிரித்தார்கள். கன்னத்தைத் தடவினார்கள். நல்ல மனிதர்கள் மாதிரிதான் இருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு அந்த அம்மாள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

கிரேஸ் பெருமையாகக் கை நீட்டினாள். "அதோ, எங்க அப்பத்தா."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். கன்னத்தைத் தடவியவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கிரேஸ் தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரை நீட்டினாள். வாங்குவதற்கு வந்த அந்த அம்மாளின் கை பாதியில் நின்றது.

"நீயே வச்சுக்க தாயி. ஒங்க ஊருக்குக் கொண்டு போ."

கிரேஸ் ஓடிவந்தாள். ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் எவர்சில்வர் தம்ளர். எனக்குப் பரிசு கொடுத்தார்கள் என்றாள். நம் ஊரில் பெண்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்துக்கொள்வார்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தை யாரும் பரிசாகக் கொடுப்பதில்லை. அந்தத் தம்ளரின் விளிம்பிலும் பெயர் இருந்தது. கிரேஸ் அதைத் திருப்பிக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது அப்பா என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் கொஞ்சம் வரும், படிக்க வராது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "ஒம் பேருதான் எழுதிருக்கு."

தம்ளரை வாங்கி அந்த வாசலில் வீசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ஏலே, நாளைக்கு நீ ஏரோப்பிளேன் ஏறிருவ. நான் இங்கனதான கோழி வளக்கணும்" என்றாள். பிறகு ஒவ்வொரு கோழியாக, வாறுகாலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, பா பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்று ஒரு கோழிக்கும் அடி விழவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

திரும்பி வந்த நாளிலிருந்து கிரேஸ் பால் குடிப்பது அந்தத் தம்ளரில்தான். காலின் வந்தபோது எழுத்தைத் தொட்டுக் காட்டி, இது தமிழில் என் பெயர் என்றாள். அவர் அழகான எழுத்து என்றார். நான் எழுந்துபோய் மழையில் நின்று, சரியாக இருந்த சட்டத்தின் வலையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அம்மா சொன்னபடி ஒரு விரல் உயர்த்தி வைத்த பிறகு புல் அழுகவில்லை. ஏழு கோழிகளும் தின்கின்றன. கொத்துக்கொத்தாகக் கோபம் வருகிற நாட்களில் அந்தப் புல்லைப் பார்த்தாலும் ஆறுவதில்லை.

ஜெயா கிரேஸைச் சங்கத்துச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டாள். தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. அம்மா சொன்ன பொய் எத்தனை சனிக்கிழமை தாங்கும் என்று ஜெயாவும் யோசிக்கவில்லை, போனில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அம்மாவும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் ஃபீஸ் கட்டினேன்.

இந்த வாரம் ஒரு கையில் வகுப்பு நோட்டும் இன்னொரு கையில் தம்ளருமாக என் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, என் பேர்ல முதல்ல 'கி' வரணும். இதுல 'கி' இல்லையே. இது யார் பேரு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.